ஒன்பதாவது இன்னிங்ஸில் மாதா

"ஒரு பந்தடிக்காக மாதாவைத் தள்ளி வைக்கிறதோ, தங்கச்சி?"

மூப்பர் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்கு முகம் சுட்டது. கேள்வியைவிட, பந்தடி என்று அவர் சொன்ன விதம்தான் கோபமூட்டியது. ஏதோ நான் தெருவில் இறங்கி டெனிஸ் பந்து அடிக்க அனுமதி கேட்டதுபோல இருந்தது.

மூப்பர் என்றால் எங்கள் பங்கின் செபமாலைக் குழுவை நடத்துகிறவர். ஒக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சுருவம், அதாவது சிலை, ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். எல்லோரும் அங்கே கூடிச் செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடிப்போம். பிறகு அடுத்த முறைக்குரிய வீட்டுக்காரர் அன்றிரவே சுருவத்தை ஏந்திக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நடந்தது போலவே மொன்றியலிலும் நடக்கிறது. இங்கே சுருவம் காரின் பின் சீற்றில் பெல்ற் போட்டுக்கொண்டு போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருடம் எங்கள் முறை ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணி. அதே ஞாயிறு நாலு மணிக்கு என் பேஸ்போல் அணிக்கு ஆட்டம் இருந்தது. தோற்றால் அந்த வருடம் அதோடு முடிந்தது. திங்கட்கிழமை வீட்டுக்காரரோடு முறையை மாற்றிக்கொள்ளலாமா என்றுதான் கேட்டேன். அந்த வீட்டுக்காரிக்குச் சம்மதம். மூப்பருக்கு இல்லை.

என் அணி என்று சொல்கிறேனே, அது உண்மையில் பக்கத்து மாகாணத்து அணி. எங்கள் நகரத்துக்கென்று ஓர் அணி இருந்தது. கிழக்குப் பக்கத்தில் அது விளையாடிய பெரிய அரங்கம் இன்னும் நிற்கிறது. அணியை மட்டும் அப்படியே தூக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கியூபெக்காரர் ஒருவர் இன்றைக்கும் அந்தப் பழைய அணியின் தொப்பியோடுதான் வருவார். வேறு அணியைப் பார்க்க மாட்டார். நான் பார்ப்பது தெரிந்த நாளிலிருந்து என்னைத் துரோகி என்று பிரெஞ்சில் கூப்பிடுகிறார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு கோடைகாலம் முழுவதும் என்ன செய்வது? எனக்குப் பார்ப்பதற்கு ஆட்டம் வேண்டும்.

கிரிக்கெட் மாதிரி ஐந்து ஆட்டம் ஆடிவிட்டு ஓய்வெடுக்கும் விளையாட்டல்ல இது. ஏப்ரலில் தொடங்கினால் செப்டெம்பர் முடியும்வரை அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆட்டம். வேலையால் வந்து, சோற்றை வைத்து, கறியை இறக்கிவிட்டு, சோபாவின் சன்னலோர மூலையில் இருந்துவிடுவேன். அந்த மூலை பள்ளமாகி என் அளவுக்கு வந்துவிட்டது. "உம்மட ஆக்கள் இண்டைக்கும் தோத்தவையோ?" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் அறைக்குள் போவார். ஜூன் மாதத்தில் அவர்கள் தோற்ற தோல்விக்கு நான் ஒரு கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கோவிலில் பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கக்கூட இல்லை, பொம்பிளைக்கு என்ன பேஸ்போல் என்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அந்த அணியில் இடக்கைப் பிட்சர் ஒருவர் இருந்தார். பிட்சர் என்றால் பந்து எறிபவர். நாற்பதை நெருங்கும் வயது, தொப்பை, நரைத்த தாடி. மற்றவர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எறிய, இவருடைய பந்து கடைக்குப் போய்வருகிற ஆள்போல ஆறுதலாக வரும். அடிக்கிறவன் அவசரப்பட்டுச் சுழற்றி ஏமாந்துபோவான். மே மாதத்தில் அவருக்குத் தோள்மூட்டில் காயம். ஜூலையில் அவரைக் கழித்துவிட்டதாகவே எல்லோரும் பேசினார்கள். செப்டெம்பரில் திரும்பி வந்தார். இதுதான் கடைசி வருடம் என்று அவரே சொல்லியிருந்தார். அவர் இறங்குகிற ஒரு நாளையும் நான் விட்டதில்லை. அந்த ஞாயிறும் கடைசி நேரத்தில் அவரைத்தான் இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சரி, மாதாவோடு என்ன வழக்கு என்று பேசாமல் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மூப்பர் மறுபடியும் தொலைபேசி எடுத்தார். எனக்கல்ல, என் கணவருக்கு.

அதற்குள் நாடு முழுவதும் பேஸ்போல் காய்ச்சல் பிடித்திருந்தது. தெரு மூலையில் தெப்பனர் என்கிற சின்னக் கடையில் பால் வாங்கப் போனால் காசு வாங்குகிற பெடியன்கூட அணியின் தொப்பி போட்டிருந்தான். மூப்பர் சொன்னதை என் கணவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"தம்பி, ஞாயிறு நாலு மணிக்கு மாட்ச் ஆமே. எங்கட ஆக்கள் எல்லாரும் பாக்கோணும் எண்டு நிக்கினம். செபமாலையை மூண்டு மணிக்கு வைப்பம். உங்கட டிவியும் பெரிசுதானே, அப்பிடியே இருந்து பாத்திட்டுப் போகலாம். தங்கச்சியிட்டச் சொல்லுங்கோ, கொஞ்சம் ரோல்ஸ் கூடச் செய்யச் சொல்லி."

நான் கேட்டால் மாதாவைத் தள்ளி வைப்பது. இவர்கள் கேட்டால் மாதா முந்தி வருவார். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுமப்பா, நீரும் பாக்கலாம்தானே" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சனிக்கிழமை முழுவதும் நின்று ரோல்ஸ் சுற்றினேன்.

ஞாயிறு மூன்று மணி என்றார்கள், வீடு நிரம்ப மூன்றரை தாண்டிவிட்டது. எங்களுடையது நோத்ர-டாம்-த-கிரேஸில் சின்ன அபார்ட்மென்ட். தொலைக்காட்சியை வெள்ளைத் துணியால் மூடி, அதற்கு முன்னால் மேசையில் மாதாவை வைத்து மெழுகுதிரி ஏற்றினோம். செபமாலை அன்றைக்கு நடக்கவில்லை, ஓடியது. ஒரு அருள்நிறை மரியே முடியுமுன்னே அடுத்தது தொடங்கியது. கடைசியில் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுகிற மன்றாட்டுமாலை வந்தபோது மூப்பர் மணிக்கூட்டைப் பார்த்து, "மன்றாட்டை இண்டைக்கு விடுவம்" என்றார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மெழுகுதிரியை ஊதி அணைத்தார். சுருவத்தைத் தூக்கினார். ஹோலில் எல்லா இடமும் கதிரை, படுக்கையறைக் கட்டிலில் எல்லோருடைய ஜக்கெற்றும் குவிந்து கிடந்தது. நேராகக் குசினிக்குள் வந்து, மைக்ரோவேவின் மேல், சீனிப் பேணிக்குப் பக்கத்தில் மாதாவை வைத்தார்.

"இஞ்ச பத்திரமா இருக்கட்டும் தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போய், சன்னலோர மூலையில், என் பள்ளத்தில், உட்கார்ந்தார்.

ஆண்கள் ஹோலில், பெண்கள் குசினியில். எண்ணெய்ச் சட்டிக்கும் வாசலுக்கும் இடையில் நின்று, தலைகளுக்கு நடுவில் தெரிந்த கையகலத் திரையில் நான் ஆட்டம் பார்த்தேன். மூப்பர்தான் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக முழு ஆட்டம் பார்க்கிற மனிதர். பந்தை அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட, "பாத்தியளே, மட்டை கை தவறிட்டு, இனி அவுட்" என்றார்.

"இல்லை அண்ணை, அடிச்சா மட்டையைப் போட்டிட்டுத்தான் ஓடுறது," என்றேன் வாசலில் நின்று.

அவர் திரும்பவில்லை. "நீங்கள் தேத்தண்ணியைப் பாருங்கோ தங்கச்சி."

தேத்தண்ணியைப் பார்த்தேன். ஆறாவது, ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ் முழுவதும் தேத்தண்ணியையும் ரோல்ஸையும்தான் பார்த்தேன். ஒரு தட்டு போனால் வெறுந்தட்டு திரும்பி வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு, எதிராளிகள் அடிக்கிற முறை. ஹோலில் ஒரு சத்தம் எழுந்தது.

"ஆர் எறியிறது?" என்று கேட்டேன்.

"ஆரோ ஒரு கிழவன்," என்றார் மூப்பர். "தொப்பையும் அவனும்."

அடுப்பை நிறுத்தினேன். கையைக் கழுவினேன். மைக்ரோவேவின் மேலிருந்து மாதாவை எடுத்து நெஞ்சோடு ஏந்திக்கொண்டு ஹோலுக்குள் நடந்தேன். எதுவும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கோபம்தான் நடந்தது. என் பின்னால் நின்ற ஒரு மாமி, சுருவம் எழும்பினால் பாடுகிற பழக்கத்தில் மாதா பாட்டைத் தொடங்கிவிட்டார். மற்றப் பெண்களும் பாடிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

சுருவம் வரும்போது எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது எலும்பில் ஊறியது. ஆண்கள் எல்லோரும் வாயில் ரோல்ஸோடு எழுந்து நின்றார்கள். மூப்பரும் எழுந்தார். அவர் எழுந்த இடத்தில், சோபாவின் மூலையில், மாதாவை இருத்தினேன். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. மாதாவுக்கு முதுகு காட்டி உட்கார ஒருவருக்கும் துணிவில்லை. அப்படியே சுவரோரம் நின்றார்கள்.

அதற்குள் இரண்டு பேர் அவுட். ஒருவன் அடித்து ஓடி முதல் பேஸில் நின்றான். என் பிட்சர் தாடியைத் தடவினார், எறிந்தார். அடிக்கிறவன் தவறவிட்டான், ஒரு ஸ்ட்ரைக். இன்னொரு ஸ்ட்ரைக். மூன்றாவது விழுந்தால் இவனும் அவுட், வெற்றி எங்களுக்கு. அடுத்த பந்தை அவன் கோட்டுக்கு வெளியே, கூட்டத்துக்குள் அடித்தான். மூப்பர் கைதட்டி, "மூண்டு, முடிஞ்சுது, வெண்டிட்டம்" என்று பக்கத்தில் நின்றவருக்குக் கைகொடுத்தார்.

"முடியேல்லை அண்ணை," என்றேன். "ரெண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு வெளியில அடிச்சாக் கணக்கில்லை. பேசாமல் நில்லுங்கோ."

அவர் பேசாமல் நின்றார். அந்த மெதுவான பந்து ஆறுதலாக வந்தது. இத்தனை வருடமாக எல்லோரையும் ஏமாற்றிய அதே பந்து. இவன் ஏமாறவில்லை. காத்திருந்து அடித்தான். பந்து இடது மதிலைத் தாண்டிப் போய் விழுந்தது. அவனுக்கும் பேஸில் நின்றவனுக்குமாக இரண்டு ஓட்டம். எங்கள் வருடம் முடிந்தது.

"கிழவனைப் போட்டாங்கள், மடையன்கள்," என்றார் மூப்பர்.

பத்து நிமிடம் மட்டுமே அந்தப் பிட்சரைத் தெரிந்த மனிதர் இதைச் சொன்னார். "அந்தக் கிழவன் இல்லாட்டி இவங்கள் இந்த மாட்ச் வரைக்கும் வந்திருக்கவே மாட்டாங்கள்," என்றேன். எல்லோரும் எங்கேயோ பார்த்தார்கள். பிறகு ஜக்கெற் தேடினார்கள், நாளைக்கு வேலை என்றார்கள், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். மிச்ச ரோல்ஸைப் பொதி கட்டிக்கொண்டு வீடு காலியானது.

நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்குப் போனது ஒரு பின்னேரம், எனக்குப் போனது ஏழு மாதம். என் கணவர் கோப்பைகளைக் கழுவி முடித்துவிட்டு வந்து நின்றார்.

"அந்த மனுசன் அடுத்த வருசம் விளையாட மாட்டாரோ?" என்று கேட்டார்.

"மாட்டார்," என்றேன். அவர் விளக்கை அணைக்கப் போனார், சோபாவைப் பார்த்தார், போன கை நின்றது. நானும் பார்த்தேன். விளக்கை எரியவிட்டே படுக்கப் போனோம்.

திங்கட்கிழமை வெயர்ஹவுஸில் அந்தத் தொப்பிக்காரர் வழக்கம்போல துரோகி என்று கூப்பிடவில்லை. ஒரு கோப்பிக் கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாலை வீட்டுக்கு வந்து, சோற்றை வைத்து, பழக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. செபமாலை தொடங்குகிற நேரம் தொலைபேசி அடித்தது. மூப்பர். பின்னால் நிறையப் பேரின் சத்தம் கேட்டது.

"தங்கச்சி," என்றார் மெல்ல, "இஞ்ச எல்லாரும் வந்திட்டினம். மெழுகுதிரியும் கொளுத்தியாச்சு. மாதாவை ஒருத்தரும் கொண்டு வரேல்லையாம். உங்களிட்டயோ இருக்கிறா?"

"ஓம் அண்ணை," என்றேன். "மாட்ச் முடிஞ்ச உடன எல்லாரும் போயிட்டீங்கள். மாதா இன்னும் என்ரை பக்கத்திலதான் இருக்கிறா. வந்து ஏந்திக்கொண்டு போங்கோ. வரேக்க அந்த மன்றாட்டுமாலையையும் கொண்டு வாங்கோ, இஞ்ச இன்னும் சொல்லி முடியேல்லை."