பதினொன்றரைப் பேர்

"பேரச் சொல்லுங்க."

ஜொய்சி அக்கா நிமிர்ந்து பார்க்காமலே கேட்கிறார். எதிரில் நிற்கும் றிச்சர்ட் மாஸ்டர் இருபத்தைந்து வருடங்களாக மாதம் தவறாமல் அதே மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர். அக்காவின் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஆனாலும் அவர் வாயால் பெயரைச் சொல்லும்வரை அக்காவின் பேனா தாளைத் தொடாது. "றிச்சர்ட்," என்கிறார் மாஸ்டர், தன்னுடைய வகுப்புப் பிள்ளைகளைப் போலவே கொஞ்சம் கூச்சத்தோடு. அக்கா எழுத்தெழுத்தாக எழுதி, புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளுகிறார். "பெரிய றனாதான் போட்டிருக்கேன். சரியான்னு பாத்துக்கங்க."

சங்கத் தலைவர் வந்தாலும் இதே கேள்விதான். நான் பதினெட்டு வருடங்களாக என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை அவசரத்தில், "என்னைத் தெரியாதாக்கா?" என்று கேட்டுவிட்டேன். "ஒங்கள தெரியுமுங்க. பேர நீங்கதான் சொல்லணும்," என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று பத்து மணி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

லிந்துலை நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான் எங்கள் ஆசிரியர் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். மரப்படி பதினாறு. மூன்றாவது படியில் கால் வைக்கக்கூடாது. உறுப்பினர் எல்லோருக்கும் இது தெரியும், புதியவர்களுக்கு ஒருமுறை இடறினால் தெரிந்துவிடும். நாற்பது வருடத்தில் இந்தச் சங்கத்தின் கையால் மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள், கூரைக்குத் தகரம் போட்டவர்கள், தங்கையைக் கரையேற்றியவர்கள், பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள் என்று நானூறு பேருக்கு மேல் இருக்கிறோம். இத்தனை பேருக்கும் படியளந்த அறைக்குள் மத்தியானம் இரண்டு மணிக்கு மூடுபனி வந்துவிடும். அக்கா எழுந்து யன்னலைச் சாத்திவிட்டு, சேலைக்கு மேலே போட்டிருக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டரின் பொத்தான்களை மாட்டிக்கொள்வார். ரப்பர் முத்திரையைக் குளிரில் இரண்டு தரம் ஊதித்தான் குத்துவார். நாலு மணிக்குக் கீழேயிருந்து பாண் வாசனை ஏறி வந்தால் மேசையைப் பூட்டிவிட்டு டயகம பஸ்ஸுக்கு இறங்குவார்.

வயது ஐம்பத்தொன்பது. பேச்சு குறைவு, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்துக்கு நடுவே யாரோ தேநீர் ஊற்றச் சொன்னபோது, "டீ ஊத்துறதுக்கு எங்கிட்ட காயிதம் குடுக்கலீங்க," என்றாராம். அந்த நியமனக் காகிதத்தில் 'தற்காலிக எழுதுவினைஞர்' என்று இருக்கிறது. தேதி 1991. அதில் ஒப்பமிட்ட தலைவர் காலமாகி, அவருக்குப் பின் வந்த இருவரும் காலமாகி, தற்காலிகம் மட்டும் நிரந்தரமாக இருக்கிறது. உறுப்பினர்களின் பெயரில் ஒரு புள்ளி தவற விடாத இந்த மனுஷியின் பெயரை ஊரெல்லாம் இஷ்டத்துக்கு எழுதும். தபாலில் ஜோசி என்று வரும், ஜொய்ஸி என்று வரும், மின்சாரக் கட்டணச் சீட்டில் ஜோய்சே. ஒன்றையும் அவர் திருத்தியதில்லை. கேட்டால், "வந்து சேர்ந்திருச்சில்ல," என்பார்.

எங்கள் சங்கத்தில் மாதச் சந்தா என்ற சொல்லே கிடையாது. 'பேர் போடுவது' என்போம். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலை, அதற்கான கூலி. குறித்த எடைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் முழுப்பேர். எடை குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் இத்தனை பேர் விழுந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். 1986ஆம் வருடம் பதினொரு ஆசிரியர்கள் சேர்ந்து இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அத்தனை பேரும் கொழுந்து பறித்த பெண்களின் பிள்ளைகள். கடன் கேட்டு வங்கிக்குப் போனவர்களிடம் காணி உறுதி கேட்டார்களாம், நிரந்தர முகவரி கேட்டார்களாம். தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு பெட்டி வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். மாதம் எவ்வளவு போடுவது என்ற பேச்சு வந்தபோது வீரய்யா மாஸ்டர், "எங்கம்மா ஒருநாள் மலைக்குப் போனா என்ன கெடைக்குமோ அது," என்றிருக்கிறார். அன்றிலிருந்து அதுதான் விதி. தோட்டத்தில் நாட்கூலி ஏறினால் எங்கள் சந்தாவும் அன்றைக்கே ஏறும். சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்தியை எங்கள் அளவுக்குக் கவனமாகப் படிக்கும் ஆசிரியர்கள் இந்த நாட்டில் வேறு எங்கும் இருக்கமாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வருடாந்தக் கூட்டத்தில் கையொப்பத் தாள் சுற்றுவதில்லை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுபோல, ஒவ்வொரு இலக்கமாகப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது ஜொய்சி அக்கா. தொடங்கிய பதினொருவரில் இப்போது கூட்டத்துக்கு வருவது செல்லசாமி மாஸ்டர் ஒருவர்தான். இறந்தவர்களின் பெயரையும் அக்கா விடாமல் படிப்பார். படித்து ஒரு மூச்சு நிறுத்துவார். பதினொன்றுக்குப் பிறகு நேரே பதின்மூன்று. பன்னிரண்டு என்று ஒன்று கிடையாது. ஏன் என்று பதினெட்டு வருடமாக நான் கேட்டதில்லை. ஏதோ ராசி பார்த்து விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பாடசாலையில் பிள்ளைகளிடம் கேள்வி கேள், கேள்வி கேள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்.

இந்த வருடம் சங்கத்துக்குக் கணினி வந்தது. தலைவர் பிரதாப் கணித ஆசிரியர், நல்ல மனிதர், எதையும் நேராக வைக்க நினைப்பவர். இலக்கங்களுக்கு நடுவே ஓட்டை இருந்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது. புதிதாகச் சேர்ந்த சுலக்ஷனா டீச்சருக்கு ஓர் இலக்கம் வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது, பிரதாப் போகிறபோக்கில் சொன்னார்.

"அந்தப் பன்னெண்டு சும்மாதானே கெடக்கு. சுலக்ஷனா மிஸ்ஸுக்குப் போட்டிருங்கக்கா."

அக்கா பேனாவை மூடினார்.

"அது சும்மா கெடக்கலீங்க சேர். எனக்குன்னு வச்சிருக்காங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா குரலை உயர்த்தவுமில்லை. "நான் இத்தனை வருசம் கேக்கலீங்க. இப்பவும் கேக்கல. ஆனா அதில வேற ஒரு பேர என் கையால எழுதச் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு மறுபடி பேனாவைத் திறந்து, அடுத்தவரிடம் பெயர் கேட்டார். சுலக்ஷனா டீச்சர் பாவம், எதையோ திருடிவிட்டவர்போல நின்றார்.

நாற்பதாம் ஆண்டு மலருக்குச் சங்கத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் கட்டப்பட்டிருந்தது. அதுவரை அதைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானமே அலுமாரியைத் திறந்து முதல் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் வீரய்யா மாஸ்டரின் சாய்ந்த எழுத்தில், 'இன்று போட்ட பேர்: பதினொன்றரை' என்றிருந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பதிவுச் சான்றிதழில், 'ஆரம்ப உறுப்பினர்கள்: 12'.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு செல்லசாமி மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது. கண்ணாடியைப் போட்டு அந்த வரியைப் பார்த்தவர், சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஜொய்சி அப்போது பத்தொன்பது வயதுப் பெண், தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. அரசாங்கச் சம்பளம் கிடையாது. பெற்றோர் சேர்த்துக் கொடுப்பதுதான். முதல் கூட்டத்துக்கு அவளும் வந்தாள். எல்லோரும் ஒரு பேர் போட்டபோது, தன்னிடம் பாதிதான் இருக்கிறது என்று அரைப்பேர் போட்டாள். பிறகு சங்கத்தைப் பதிவு செய்ய நுவரெலியாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழ் ஓரளவு தெரிந்த சிங்களவர். எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது ஆட்களை. வீரய்யா மாஸ்டரின் காதில் விழுந்தது கூலிப்பேர். பதினொன்றரைப் பேர் சேர், என்று மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அரை ஆளை எழுத அந்தப் படிவத்தில் ஏது இடம்? அதிகாரி சிரித்துக்கொண்டே பன்னிரண்டு என்று போட்டு ஒப்பம் வைத்துவிட்டார்.

துணைவிதிகள் வந்தபோது, அரச சம்பளம் பெறும் ஆசிரியர்களே உறுப்பினராகலாம் என்றிருந்தது. அதனால் ஜொய்சியின் பெயரை எழுத முடியவில்லை. "அப்பாயின்மென்ட் வந்ததும் எழுதிக்கலாம்னு பன்னெண்ட அவங்களுக்காக விட்டு வச்சோமுங்க," என்றார் செல்லசாமி மாஸ்டர். கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு, "அப்புறம் மறந்திட்டோம்," என்றார்.

நியமனம் ஏன் வரவில்லை என்பதை அக்காவிடமே பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்கியபோது, அதிபர் அன்றாடம் நடப்பதை எழுதிவைக்கும் பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் கொடுத்தார்களாம். அக்கா படிப்பித்த ஐந்து வருடத்தில் அன்றைய அதிபர் ஒருநாள்கூட அவர் பெயரை எழுதி வைக்கவில்லை. "நெனச்சிருக்க மாட்டாரு," என்றார் அக்கா, அவருக்காகப் பரிந்து பேசுவதுபோல. "அந்தப் பொஸ்தகத்தில இருந்தா நானும் டீச்சர்ங்க." அவ்வளவுதான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. மாதாமாதம் எங்கள் பெயர்களை எழுத்துக் கூட்டி எழுதிய ஒருவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை காலை, சங்கம் திறப்பதற்கு முன், பன்னிரண்டாம் இலக்கத்தைப் பற்றிப் பேச நிர்வாகக் குழு கூடியது. கூட்டறிக்கைப் புத்தகத்தோடு என்னையும் செல்லசாமி மாஸ்டரையும் அழைத்திருந்தார்கள். அக்கா கீழே பேக்கரியில் காத்திருந்தார். விதி விதிதான் என்றார் வினோதா டீச்சர்; ஆனாலும் மனசு கேட்கவில்லை, நாற்பதாம் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி ஒரு நல்ல பரிசு கொடுக்கலாம் என்றார். பலருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. செல்லசாமி மாஸ்டர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றினார். பின்பக்கத்து ஒட்டடையைத் தன் வேட்டியாலேயே துடைத்து மேசையில் வைத்தார்.

"கவுருமெண்டு பன்னெண்டுன்னு எழுதி ஒப்பம் வச்சிருக்கு. நாங்க பதினொரு பேரு. பாக்கி ஒராளு யாரு? சொல்லுங்க."

சான்றிதழை எல்லோர் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"அரைப்பேர் விழுந்தவளும் செக்றோல் பொஸ்தகத்தில ஆளா இருப்பா. தோட்டத்தில அவள இல்லேன்னு யாரும் சொன்னதில்ல. ஜொய்சி டீச்சர் மொத நாள்லருந்து மெம்பர்தான். நாமதான் பேரு எழுதாம விட்டோம்."

டீச்சர் என்று அவரை ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வினோதா டீச்சர் சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து இன்னொருமுறை படித்தார். படித்துவிட்டு முதலில் கை உயர்த்தியவரும் அவர்தான். பிரதாப் மற்றவர்களை எண்ணவில்லை. எல்லாக் கைகளும் மேலேதான் இருந்தன.

அக்காவை மேலே கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார்கள். "சரிங்க சேர்," என்றார். வழக்கம்போல் மேசையைத் திறந்தார், பேரேட்டை எடுத்தார், பன்னிரண்டாம் இலக்கத்துப் பக்கத்தைப் புரட்டினார். நாற்பது வருடம் ஒன்றும் எழுதாமல் ஓரத்தில் பழுப்பேறிய பக்கம். பேனாவைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இத யாருங்க எழுதுறது?"

பிரதாப்புக்கு உடனே விளங்கிவிட்டது. அக்காவின் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். றிச்சர்ட் மாஸ்டர் நிற்கும் இடத்தில், நான் நிற்கும் இடத்தில், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்.

"பேரச் சொல்லுங்க," என்றார் பிரதாப்.

"ஜொய்சி."

பிரதாப் எழுதினார். புத்தகத்தைத் திருப்பி அக்கா பக்கம் தள்ளி, "சரியான்னு பாத்துக்கங்க," என்றார். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தபால்காரனுக்கும் மின்சாரக் கட்டணச் சீட்டுக்கும் ஒருநாளும் மறுப்புச் சொல்லாதவர் அல்லவா? பிரதாப் பரபரப்பில் 'ஜோய்சி' என்று நெடிலில் எழுதியிருந்தார்.

"குறிலுங்க சேர்," என்றார் அக்கா. வலது கையின் சுட்டுவிரலை நீட்டி, முதலெழுத்தின் கொம்பில் அதிகமாக இருந்த அந்தச் சிறிய சுழியை மூடினார்.