மெல்சோருக்கு ஓர் ஏசல்

புவேப்லா நகரத்துச் சேணக்காரர் தெருவில் மெல்சோர் அர்ரியாகாவின் கவிதைப் பைத்தியத்தை அறியாதவர் இல்லை. அதோடு குடும்பம் நடத்தியவள் அவர் மனைவி பிரிஹிதா ஒருத்திதான். சேணத் தோலில் ஊசியைக் குத்திக்கொண்டே மனிதர் அசை எண்ணுவார். அடி நீண்டால் தையலும் நீண்டுவிடும். அவர் தைத்த சேணத்தில் ஏறிய கழுதைக்காரர்கள் உட்கார முடியாமல் வந்து கத்துவார்கள்.

மாதா திருநாளுக்கு ஆண்டுதோறும் அங்கே கவிதைப் போட்டி உண்டு. ஜனவரியில் முரசடித்து ஊர்வலம் வந்து கோயில் கதவில் விதிகளை ஒட்டுவார்கள். பரிசு டிசம்பரில். அதையும் சும்மா வாங்கிவிட முடியாது. சபை நடுவே பரிசுக்காரர்மேல் ஓர் ஏசல் படிப்பார்கள். மூக்கு, நடை, கஞ்சத்தனம் எதையும் விடமாட்டார்கள். ஊரே சிரிக்கும். முகம் சுளிக்காமல் கேட்டு, எழுந்து சபையை வணங்கினால்தான் வெள்ளிக் கிண்ணம் கைக்கு வரும். கவிஞனுக்குத் தலைக்கனம் ஏறக்கூடாதாம். கவிதையும் ஏசலும் சேர்ந்தே அச்சாகும்.

மெல்சோர் வருஷம் தவறாமல் எழுதிப் போட்டார். வருஷம் தவறாமல் தோற்றார்.

"கிண்ணம் கிடக்கட்டும்டி. அந்த மண்டபத்துல ஒரு தடவை என்னைத் திட்டிட்டாங்கன்னா போதும். அப்புறம் நானும் கவிஞன்தான்" என்பார்.

"திட்டுதான் வேணும்னா வீட்டிலேயே நான் இருக்கேனே. எதுக்கு அவ்வளவு தூரம் நடக்கறீங்க?" என்பாள் பிரிஹிதா.

1683இலும் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கவிதையை முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். மழைக்காலத்துக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

நவம்பர் கடைசியில் போட்டிச் செயலாளர் காஸ்பர் சாமியார் வீடு தேடி வந்தார். முத்திரையை உடைத்துப் பெயரைப் பார்த்திருக்கிறார்கள். மெல்சோருக்கு மூன்றாம் பரிசு.

பிரிஹிதா அழவில்லை. "ஏசல் எழுதியாச்சா சாமி?" என்று கேட்டாள்.

சாமியார் பதறிப்போனார். "செத்தவரை எப்படிம்மா ஏசறது? கடைசியில பேரைச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணலாம்னு இருக்கோம். கிண்ணம் வீட்டுக்கே வந்துடும்."

"ஜெபமெல்லாம் கல்லறையில பண்ணியாச்சு. அவர் கேட்டது அது இல்ல. மத்தவங்களைத் திட்டற மாதிரியே இவரையும் திட்டணும்."

"எனக்கு மனசு வரலையே. அவரைப் பத்தி நல்லதாத்தான் கேள்விப்பட்டிருக்கேன்."

"அப்ப உங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. உக்காருங்க, நான் சொல்றேன்."

சாக்லேட்டை நுரைக்க ஆற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு ஆரம்பித்தாள். பூசையில் குறட்டை விட்டது, எழுதுகிற இறகைச் சாக்லேட்டில் தோய்த்துவிட்டு மைக்கூட்டை வாய்க்குக் கொண்டுபோனது, எதுகை அமைய வேண்டுமென்று, திடமாக இருந்த மாமியாரைக் கவிதையில் சாகடித்தது. ஒன்று முடியுமுன் அடுத்ததற்குப் போனாள். சாமியார் முதலில் தயங்கினார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், கடைசியில் அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருநாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை.

"அடுத்து மெல்சோர் அர்ரியாகா!" என்று காஸ்பர் சாமியார் முழங்கினார். "சோம்பேறிகளுக்கெல்லாம் ராஜா! பரிசு வாங்கக்கூட எழுந்து வர வலிக்குது இவருக்கு!"

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பிரிஹிதாவைத் திரும்பிப் பார்த்தது. அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் தெருக்காரர்கள் சிரித்தார்கள், கழுதைக்காரர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். மாமியார் கதை வந்தபோது மண்டபமே அதிர்ந்தது. மெல்சோர் போனதிலிருந்து அந்தப் பெயரை எல்லோரும் தலையைக் குனிந்து, குரலை இறக்கித்தான் சொன்னார்கள். இன்றைக்கு, இப்போதுதான் தெருமுனையில் பார்த்துவிட்டு வந்த ஆளைப் பேசுவதுபோல் பேசினார்கள். பிரிஹிதாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சாமியார் காகிதத்தை மடித்தார். இனிக் கவிஞர் எழுந்து வணங்க வேண்டும்.

பிரிஹிதா எழுந்தாள். கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். வணங்கவில்லை. வணங்கினால் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"சாமி" என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டுங்களேன்."