சுகந்திக்கு ஒரு ‘ஓம்’

போன வாரம் உப்புவெளியில் ஒரு வீட்டு ஹோலில், பழைய கேம் ஜொய்ஸ்ரிக் ஒன்றைச் சுற்றி நின்று பெரிய மனிதர்கள் நாங்கள் கூத்தாடினோம். சத்தியமாக! இன்னும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சிநேகிதி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கியவள். மைதானத்தில் நின்று அவள் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. அவளோடு ஃபோனில் கதைக்கத் தொடங்கினால் என் குசினியில் சோறு அடிப்பிடிக்கும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எழுதச் சொன்னால் எழுத்துகள் குழம்புகின்றன. “எல்லாம் விளங்கும், சொல்லத்தான் ஏலாது” என்றார் டொக்டர்.

தலையாட்டலாமே என்பீர்கள். ஆட்டினாள். அதுதான் பிரச்சினையே! நம் ஆட்களின் தலையாட்டல் தெரியும்தானே? பக்கவாட்டில் லேசாகச் சரித்தால் ஓம் என்றும் எடுக்கலாம், பார்ப்பம் என்றும் எடுக்கலாம், ஆளை விடு என்றும் எடுக்கலாம். வாய் இருக்கும்வரை கவலையில்லை, கூடவே இரண்டு சொல் வந்து விஷயத்தை விளக்கிவிடும். வாய் போனபின்?

கேட்டவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். மகன் பிரணவனுக்குக் கொழும்பில் வேலை. பாசமான பிள்ளை, குறை சொல்ல முடியாது. அப்பாவும் அம்மாவும் தன்னோடு வந்திருக்க வேண்டும் என்று கேட்டான். சுகந்தி தலையைச் சரித்தாள். முடிந்தது கதை… வீட்டை வாடகைக்குக் கொடுக்க ஆள் தேடத் தொடங்கிவிட்டான்.

“அம்மாவுக்கு விருப்பம்தான் அன்ரி. கேக்கத் தலையாட்டினவ” என்றான் என்னிடம்.

நான் சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன். விருப்பமுள்ள முகமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் ஊகத்தை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையோடு வாதாட முடியுமா? அவளேதான் சொல்ல வேண்டும். எப்படி?

கிண்ணியாவில் இருக்கும் நஸ்ரினின் ஞாபகம் வந்தது. என் தங்கையோடு வேலை செய்தவள், மென்பொருள் எழுதுகிறவள். விஷயத்தைச் சொன்னதும் ஸ்கூட்டியில் பாலம் கடந்து வந்துவிட்டாள். வந்தவள் அலுமாரியைக் கிளறி, பிரணவன் சின்ன வயதில் விளையாடிய ஜொய்ஸ்ரிக்கை வெளியே எடுத்தாள்.

“இடது கை நல்லாத்தானே இருக்கு அக்கா? இது காணும், வேற ஒண்டும் வேண்டாம். ஒரு பட்டன் அமத்தினா ஓம், மத்தது அமத்தினா ஏலாது. கொம்பியூட்டர் சத்தமாச் சொல்லும்.”

சாமானோடு வந்த சிடி ஏதோ ஆதிகால விண்டோஸுக்கு உரியது. செய்த கம்பனியே அதை மறந்திருக்கும். நஸ்ரின் அசரவில்லை. “அதுக்கு ஒரு லைப்ரரி இருக்கு. அதை எடுத்தாச் சரி.”

சுகந்தியின் கணவர் தவராசா அண்ணன் எழுந்து சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். “லைப்ரரியை இப்ப பூட்டிப்போடுவாங்கள். புத்தகத்தின்ர பேரைச் சொல்லும் தங்கச்சி, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

இது அந்த லைப்ரரி இல்லை அண்ணன்! யாரோ எழுதி, எல்லோரும் பாவிக்கட்டும் என்று விட்ட புரோகிராம் தொகுப்பு. விண்டோஸ், லினக்ஸ், மக் — செருகிய கருவியோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசும். அந்த வித்தியாசத்தையெல்லாம் இந்த லைப்ரரி தன் தலையில் போட்டுக்கொள்ளும். நஸ்ரின் எழுத வேண்டியது ஒன்றுதான்: கருவியைத் திற, அது சொல்வதை வாசி. நாளைக்கு வேறு கணினி வாங்கினாலும் அதே எழுத்து உதவும்.

அவள் எழுதி முடித்து ஜொய்ஸ்ரிக்கைச் செருகியதும் வீட்டுக் கணினியின் திரையில் பூச்சியங்கள் ஓடின. நான் ஒரு பட்டனை அழுத்தினேன். ஒரு பூச்சியம் ஒன்றாக மாறியது. விட்டேன், பூச்சியம். மறுபடி அழுத்தினேன்… ஒன்று!

“கதைக்குது” என்றேன். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பிறகு சுகந்தியின் முறை. அழுத்தினாள். “ஆம்” என்றது கணினி, கணீரென்று. அவள் ஜொய்ஸ்ரிக்கைத் தள்ளிவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்பத் தொடவே இல்லை. பழுதாகிவிட்டதா?

நஸ்ரின் சோதித்துப் பார்த்தாள். “சாமான் நல்லா வேலை செய்யுது அக்கா. அவதான் அமத்துறா இல்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்! பிறந்ததிலிருந்து சுகந்தி ஒருநாளாவது ‘ஆம்’ என்று சொல்லியிருப்பாளா? இந்த ஊரில் யார்தான் சொல்கிறோம்? ரேடியோவில் செய்தி வாசிக்கிற பிள்ளையின் வாயைக் கொண்டுவந்து ஒட்டினால் அவளுக்குக் கோபம் வராதா?

என் ஃபோனைத் திறந்தேன். அவள் முன்பு அனுப்பிய வட்ஸ்அப் குரல் மெசேஜ்கள் அப்படியே கிடந்தன. ‘ஓம், வாறன்.’ ‘இண்டைக்கு ஏலாதுடி.’ அதிலிருந்து இரண்டே சொற்களை நஸ்ரின் வெட்டி எடுத்துப் பட்டன்களுக்குக் கொடுத்தாள். ‘ஏலாது’வில் ஒட்டிக்கொண்டிருந்த ‘டி’யையும் சீவிவிட்டாள்.

சுகந்தி ஒரு விரலால் அழுத்தினாள்.

“ஓம்.”

அவளுடைய குரல். மைதானத்துக் குரல்! தவராசா அண்ணன் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சுகந்தி அழவில்லை. ஓம், ஓம், ஓம் என்று வீடு அதிர அழுத்திக்கொண்டே இருந்தாள்.

உடனே பிரணவனை வீடியோ கோலில் எடுத்தோம். அம்மாவிடம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேள் என்றேன்.

“அம்மா, கொழும்புக்கு வாறீங்கள்தானே?”

“ஏலாது.”

அவன் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தான். “அன்ரி, நீங்கள் அமத்தினீங்களோ?”

“ஏலாது, ஏலாது” என்றாள் சுகந்தி, கமெராவுக்குத் தன் விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு.

“அப்ப இஞ்சதான் இருக்கப்போறீங்களோ?”

“ஓம்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சரி அம்மா. வீட்டை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். நான் இனி மாசா மாசம் வாறன்.”

யோசித்துப் பாருங்கள்… கல்யாணத்திலிருந்து காணி விற்பதுவரை எத்தனை வீடுகளில் ஒரு தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காரியத்தை முடித்திருக்கிறோம்? அதில் எத்தனை உண்மையான ‘ஓம்’?

நஸ்ரின் புறப்படும்போது ஜொய்ஸ்ரிக்கைத் திருப்பிப் பார்த்தாள். “இன்னும் கனக்கப் பட்டன் சும்மா கிடக்கு. வேற சொல்லும் போடவா?”

தவராசா அண்ணன் பதறிப்போனார். “வேண்டாம் தங்கச்சி. இந்த ரெண்டுமே காணும்.”

“ஏலாது” என்றாள் சுகந்தி, சும்மா கிடந்த பட்டன்களைத் தட்டிக் காட்டிவிட்டு.