மழைக்கு லீவு லெட்டர் கேட்ட கம்பெனி

போன வாரம் ஒரு கம்பெனிக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். பரமத்தி வேலூர் சாலையில், வெளிநாட்டுக்குத் துண்டும் பெட்ஷீட்டும் அனுப்புகிற கம்பெனி. விழாவின் பெயர் 'பணியிடத்தில் பன்முகப் பண்பாட்டு நாள்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

அழைத்தவர் அங்கே எச்.ஆர். மேனேஜராக இருக்கும் கோகுல். எம்.பி.ஏ. படித்த, சுறுசுறுப்பான தம்பி.

"மேடம், வெளிநாட்டுப் பார்ட்டிங்க இப்பெல்லாம் துண்டை மட்டும் பாக்கறதில்லீங்க. எல்லா இனத்து ஆளுங்களையும் ஆபீஸ்ல எப்படி வெச்சிருக்கோம்னு கேக்கறாங்க. போட்டோ அனுப்போணுங்க" என்றார்.

சாயம் போகுமா என்று துண்டைத்தான் சோதிப்பார்கள் என இத்தனை நாள் நினைத்திருந்தேன்... நம்மையும் சோதிக்கிறார்களாம்!

போய்ப் பார்த்தால், ஹாலில் தெர்மகோலில் ஒரு மலை. அதன் மேல் பஞ்சு மேகம். அடிவாரத்தில் வரிசையாகத் தேன் பாட்டில்கள். மலைக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சுடிதார், கழுத்தில் ஐடி கார்டு, மடியில் இறகு வைத்த கிரீடம். கண் சிவந்திருந்தது.

"இவங்கதான் நம்ம தேவிகா. எக்ஸ்போர்ட் டாகுமென்ட் செக்ஷன். கொல்லிமலைங்க மேடம், பழங்குடி!" என்றார் கோகுல். மலையையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமிதம்.

கிரீடம் சேலத்திலிருந்து வந்ததாம். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு டிரெஸ் வாடகைக்கு விடும் கடை. கூடவே ஓர் ஈட்டியும் கொடுத்திருக்கிறார்கள்... இலவசமாக!

"உங்க ஊர்ல இதெல்லாம் வெச்சுக்குவாங்களாம்மா?" என்று தேவிகாவிடம் கேட்டேன்.

"இல்லீங்கக்கா. எங்கம்மா நைட்டி போட்டு மேல ஒரு துண்டு போட்டுக்குவாங்க. அதைச் சொன்னா சார் ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"அதுக்கா அழுதே?"

"அதுக்கில்லீங்கக்கா... இன்னைக்கு எங்க ஊர்ல வெதைப்பு நோம்பி."

விஷயம் இதுதான். அவள் ஊரில் மழை பெய்து மண் நனைந்ததும் நோம்பிக்கு, அதாவது விதைப்புத் திருவிழாவுக்கு, நாள் குறிப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை சாமை கொண்டு வந்து, கோயில் முன்னால் ஒரே கூடையில் போட வேண்டும். சாமி கும்பிட்டு, கலந்த விதையை எல்லோரும் பகிர்ந்து கொண்ட பிறகுதான் யாரும் விதைக்கலாம். அந்த ஒரு கையைப் போடுகிறவர் அந்த வீட்டில் பிறந்தவராக இருக்க வேண்டும். தேவிகாவின் அப்பா உயிரோடு இல்லை. அண்ணன் ரிக் வண்டியோடு ஒடிசாவில் போர்வெல் போட்டுக் கொண்டிருக்கிறான். அம்மா அந்த வீட்டுக்கு வாழ வந்தவர். மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

"நான் போகலீன்னா கூடை நெறையாதுங்க. எங்க ஒரு ஊட்டுக்காக ஊரே வெதைக்காம உக்காந்திருக்கோணும். எங்கம்மா எல்லாரு மூஞ்சியிலயும் எப்படீங்க முழிப்பாங்க?"

நான் கோகுலைப் பார்த்தேன். அவர் தெர்மகோல் மலையைப் பார்த்தார்.

"பத்து நாளைக்கு முன்னாடியே லீவு போடோணுங்க மேடம். இல்லீன்னா சாஃப்ட்வேரே எடுத்துக்காது. இது காலண்டர்லயும் இல்லாத பண்டிகைங்க."

"மழை பேஞ்ச பொறகுதானுங்க சார் நாள் குறிப்பாங்க. மழைகிட்டப் போயி, பத்து நாளைக்கு முன்னாடியே லெட்டர் குடுன்னு எப்படிங்க கேக்கறது?" என்றாள் தேவிகா.

கோகுல் குரலைத் தாழ்த்தினார். "அதுவுமில்லாம மேடம்... எங்க ஆபீஸ்ல பழங்குடின்னு இருக்கறதே இவங்க ஒருத்தர்தான். இவங்களும் போயிட்டா ஃபங்ஷனே இல்லீங்களே!"

புரிகிறதா? பழங்குடிப் பண்பாட்டைக் கொண்டாடும் விழாவில் உட்கார வைப்பதற்காக, பழங்குடிப் பெண்ணை அவளுடைய நோம்பிக்குப் போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு யோசனை சாதாரண மூளைக்கு வராது. அதற்கெல்லாம் தனியாகப் படிக்க வேண்டும்.

இதே விழா பங்குனியில் நடப்பதாக இருந்தது. அப்போது தள்ளி வைத்தவரும் கோகுல்தான். 'எங்க ஊர் மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டியாச்சுங்க மேடம், ஊரைத் தாண்டக் கூடாது' என்று போனில் சொன்னார். அந்த வாரம் பாதி ஆபீஸ் காலி. சாஃப்ட்வேர் வாயே திறக்கவில்லை. அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது வேறங்க மேடம். அது எங்க ஊரு நோம்பி."

"இது?"

"இது கல்ச்சருங்க."

கோகுலை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. நம் வீட்டு விசேஷத்துக்கு லீவு எடுக்கிறோம். அடுத்தவர் வீட்டு விசேஷம் என்றால் பேனர் கட்டி, மேடை போட்டு, கைதட்டி, போட்டோ எடுத்து... லீவைத் தவிர எல்லாம் கொடுக்கிறோம்!

விழா தொடங்கியது. நான் மைக்கைப் பிடித்து, "என் நேரத்தில் தேவிகா பேசட்டும்" என்று உட்கார்ந்துவிட்டேன். தயாரித்துப் போன உரை பிரமாதமாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்து கொள்கிறேன்.

கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேடையேறினாள். "எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊர்ல இன்னைக்கு வெதைப்பு. என் கை சாமை விழுந்தாத்தான் ஊர்ல வெதைக்க முடியும். மத்தியான பஸ்ஸை உட்டா சாயங்காலத்துக்குள்ள மேல போய்ச் சேர முடியாதுங்க. என்னைய உட்டுருங்க, போயிட்டு வாரேன்."

கோகுல் முகத்தில் ஈயாடவில்லை.

முன்வரிசையில் முதலாளி. சொந்த நிலத்தில் இன்றைக்கும் கடலைக்காய் விதைக்கிற குடும்பம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்:

"மழை எப்பப் பேஞ்சுது?"

"போன வெள்ளிக்கெழமைங்க ஐயா."

"அட, ஈரம் காஞ்சு போயிருமே! இன்னும் இங்க என்ன சாமி பண்ணிட்டிருக்கற? கோகுலு, நம்ம கார்ல நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வரச் சொல்லு. ஓடு சாமி, ஓடு!"

பன்முகப் பண்பாடு அவருக்குப் புரிந்ததா, தெரியாது. ஈரம் புரிந்தது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

தேவிகா கிரீடத்தைக் கோகுல் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். போட்டோகிராபர் விடவில்லை: "சார், போட்டோவுக்கு யாராச்சும் வேணுமே?" முதலாளி கோகுலைப் பார்த்தார். அப்புறம் என்ன... எங்கள் எம்.பி.ஏ. தம்பி இறகுக் கிரீடமும் ஈட்டியுமாகத் தெர்மகோல் மலையடிவாரத்தில் நின்றார். அம்சமாகத்தான் இருந்தார்.

சாயங்காலம் தேவிகாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. பின்னால் மேளம். "அக்கா, கூடை நெறைஞ்சிருச்சுங்க!" அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஊரின் சாமைக்காகக் கலங்குவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நேற்று கோகுல் போன் செய்தார்.

"மேடம், போட்டோ ரொம்பப் பிடிச்சிருச்சாமுங்க. கிரீடம் வெச்சவரு எந்த இனம்னு கேட்டு மெயில் வந்திருக்குது. என்னங்க எழுதறது?"

"உள்ளதை எழுதுங்க தம்பி. காப்புக் கட்டுனா ஊரைத் தாண்டாத இனம்னு."

சிரித்தார். கோபித்துக் கொள்ளாத நல்ல பிள்ளை. பிறகு கொஞ்சம் கவலையோடு கேட்டார்:

"இனிமே வருசா வருசம் மழை பேஞ்சு நாள் குறிச்ச ஒடனே தேவிகாவுக்கு லீவுன்னு முதலாளி சொல்லிட்டாருங்க. ஆனா போட்டோ கேப்பாங்களே... அன்னைக்கு நான் யாரைங்க நிக்க வெக்கறது?"

"யாரையும் நிக்க வெக்க வேண்டாம். தேவிகாவோட நாற்காலி காலியா இருக்கும் பாருங்க... அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி."