பாலத்து ஏற்றத்தில் நின்றவர்

டயாலிசிஸுக்காக என் கணவரை மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு அழைத்துப்போன டாக்ஸியை ஓட்டியவர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. கியர் மாற்றும்போதெல்லாம், "வா நைனா" என்று வண்டியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை அடித்தது. பிறகு வண்டி மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி ஓடி, இரண்டு கைகளையும் விரித்தபடி பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். பஸ் நின்றது. உடனே ஓர் ஆட்டோவை மறித்து, என் கணவரைத் தாங்கிப் பிடித்து அதில் உட்காரவைத்தார்.

"கிளட்ச்சு தேஞ்சிபூட்ச்சும்மா" என்றார்.

"முன்னாடியே தெரியுமா?" என்று கோபமாகக் கேட்டேன்.

"தெரியும். நாளைக்கு மாத்திக்கலாம்னு ஓட்டிக்கினு இருந்தேன். தப்பு என்னுதுதான். நீ சார இட்டுக்கினு கெளம்பு."

"நீங்க?"

"இத தனியா உட்டுட்டு வந்தா எவனாவது வந்து மோதிடுவான். ஓரங்கட்டுற வரிக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

ஆட்டோ கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். காருக்குப் பின்னால் அவர் கையை உயர்த்தியபடி நின்றிருந்தார். பஸ்களும் லாரிகளும் அவரைப் பார்த்து ஒதுங்கிப் போயின. என் கோபம் முழுவதும் தணியவில்லை. ஆனாலும் அன்று அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.