கதவு திறந்தே இருக்கட்டும்

கயலின் மேசைக்குப் பின்னால் இருந்த பீரோவில் எப்போதும் ஒரு ஊதா நிறப் பருத்திச் சேலை இருக்கும். பிள்ளைகளிடம் வாக்குமூலம் வாங்கும்போது காக்கி உடுப்பு கூடாது என்பது சட்டம். கயல் சட்டத்துக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. வடுகபட்டிப் பூண்டு வியாபாரியின் மகள். மகளிர் காவல் நிலையத்துக்கு சப்-இன்ஸ்பெக்டராக வந்ததிலிருந்து, வாயே திறக்காத எத்தனையோ பெண்பிள்ளைகளை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்திருக்கிறாள். இந்த வேலையில் தனக்குத் தெரியாதது இல்லை என்றே நம்பியிருந்தாள்.

விஜய்பாண்டி வந்தபோது, பெண்டாட்டியை அடித்துவிட்டு விசாரணைக்கு வந்தவர்களின் பெஞ்சில் அவனையும் உட்கார வைத்துவிட்டார்கள். என்ன ஏதென்று யாரும் கேட்கவில்லை. திராட்சை லோடு ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவன், இருபத்துநாலு வயது.

“உன் சம்சாரம் வரலையாப்பா?” என்றாள் கயல்.

“எனக்குக் கல்யாணமே ஆகலம்மா. நான் புகார் குடுக்க வந்தவன்.”

பன்னிரண்டு வயதில் அவனுக்கு டியூசன் எடுத்த மிஸ், ஒரு வருஷம் முழுக்க அவனிடம் தகாத முறையில் நடந்திருக்கிறாள். இப்போது அக்கா தன் மகனை அதே வீட்டுக்கு அனுப்பப் போகிறாள், வருகிற திங்கட்கிழமை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டான். ஏன் என்று கேட்கிறாள். அதைத்தான் அவனால் அக்காவிடம் சொல்ல முடியவில்லை.

வாசலில் நின்ற ஜீப் டிரைவர் சண்முகராஜ் சிரித்தார். “எங்க வாத்தியாரு பெரம்பால வெளுத்ததுதான் மிச்சம். இவன் குடுத்து வச்ச பய!”

இன்ஸ்பெக்டர் ஜெபஷீலாவின் உதட்டோரத்திலும் சிரிப்பு. “ஒரு பொம்பள, அதுவும் டீச்சரு... கேஸ் நிக்காது கயல். ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லி அனுப்பி விடு.”

கயல் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டாள்: “அப்பவே அங்கனருந்து ஓடி வந்திருக்கலாம்ல தம்பி?”

கேட்ட மறுநொடியே நாக்கு சுட்டது. இதே கேள்வியை ஒரு பெண்பிள்ளையிடம் கேட்ட போலீஸ்காரியை, போன மாதம்தான் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள்.

எழுந்து போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவனை உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். 

“அம்மா, கோவிச்சுக்கிறாதீக. மிஸ்ஸும் இப்படித்தான். சேலை கட்டிக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, பக்கத்துல உக்காந்து பிரியமாத்தான் பேசுவாக. நீங்க அந்தக் காக்கியவே போட்டுட்டு வாங்க. கதவு திறந்தே இருக்கட்டும்.”

“வெளிய அம்புட்டுப் பேரும் நிக்கிறாகய்யா. எல்லாம் காதுல விழும்.”

“விழட்டும்மா. சிரிச்சவுகளும் கேக்கட்டும்.”

கயலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய கருணை அத்தனையும், தப்பு செய்கிறவன் ஆண்தான் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. அதை இவன் குரலைக்கூட உயர்த்தாமல் காட்டிவிட்டான். இத்தனைக்கும் அந்த மிஸ்ஸை இன்னும் ‘பேசுவாக’ என்று மரியாதையோடு சொல்கிறான்.

காக்கியில் திரும்பி வந்து, கதவைச் சாத்தாமல், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவன் சொன்னான். நடுவில் தண்ணீர் கேட்டான், மறுபடியும் சொன்னான். அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். வெளியே சண்முகராஜ், பெஞ்சில் இருந்தவர்களை ஓசைப்படாமல் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனார். ஜெபஷீலா வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

“எஃப்.ஐ.ஆர். போடு கயல்,” என்றார் கடைசியில். “அந்த டீச்சரு வீட்டுக்கு நானும் வர்றேன்.”

விஜய்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

“அக்கா, திங்கக்கெழம பயல அங்கன அனுப்பாத. ஏன்னு கேட்டீல்ல? இரு, வீட்டுக்கு வந்து சொல்றேன். இப்பச் சொல்ல முடியும்.”