பிள்ளை யார் பக்கம்?

கணவனும் மனைவியும் பிரியும்போது பண்டபாத்திரத்தை ஒரு மதியத்துக்குள் பிரித்துவிடுகிறார்கள். பிள்ளை யாரிடம் என்ற கேள்வி வரும்போதுதான் என்னைப் போன்ற குடும்ப ஆலோசகர்களின் ஞாபகம் வருகிறது.

எனக்கு மலைமேல் செம்மேட்டில் ஒற்றை அறை அலுவலகம். அடிவாரத்திலிருந்து வளைவு வளைவாக ஏறும் பஸ்சில் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அடிபட்ட ஒரு பெண், அவள் முந்தானையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. இரண்டு பக்கமும் பேசி, வீட்டையும் போய்ப் பார்த்து, குழந்தை யாரிடம் பத்திரமாக இருக்கும் என்று கீழே கோர்ட்டுக்கு எழுதி அனுப்புவது என் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டு தொண்டை கட்டிப்போன ஆலோசகர்களே, வக்கீல் நண்பர்களே, பஞ்சாயத்துப் பேசப்போய்த் திட்டு வாங்கிய அங்கன்வாடி டீச்சர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. எனக்குத்தான் யாரிடமாவது சொல்லாவிட்டால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நல்ல அப்பா

இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. காளியப்பனுக்கு ஆலத்தூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் விளைகிற காடு. அவன் அடித்ததில் காது கிழிந்து, மனைவி ராமாயி தாய்வீட்டுக்கு ஓடிவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை அவன் அனுப்ப மறுத்துவிட்டான். என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தான். பெண்டாட்டியை அடித்தது நிஜம், மறைக்கவில்லை, ஆனால் மகள் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை என்றான். அவனுடைய வக்கீலும் அதையே சொன்னார். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், அவர்களும் அதையே சொன்னார்கள். பக்கத்து அறையில் ஒரு பெண்ணின் காது கிழிகிறது. மகளை அடிக்காததற்காக இவனுக்கு ஊரே நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிறது.

மறுவாரம் அந்தக் குழந்தையைத் தனியாக அழைத்துப்போய், அலுவலகத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்காரவைத்து, கடலைமிட்டாய் கொடுத்துப் பேசினேன். அப்பா அடிக்கவே மாட்டார் என்று அவளும் சொன்னாள். அம்மாவை அடிக்கும்போது நீ என்ன செய்வாய் கண்ணு என்று கேட்டேன். அவள் அழவில்லை. கோழியை அடைப்பேன், பாத்திரம் கழுவுவேன் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் கோர்ட்டுக்கு எழுதினேன். இப்போது அவள் அம்மாவிடம் இருக்கிறாள். அன்று அவள் சொன்னது இதுதான்: "அப்பா டி.வி. சத்தத்தக் கூட்டச் சொல்லுமுங்க, நான் கூட்டி வெப்பேன். அம்மா கத்தறது நின்னதும் கொறச்சிருவேன்."

சனிக்கிழமைச் சந்திப்பு

அம்மாவிடம் இருக்கும் மகனை சனிக்கிழமைதோறும் என் முன்னிலையில் அப்பா பார்க்கலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. பையனுக்கு ஐந்து வயது. அந்த மனிதர் ஒரு பொம்மை ஜீப்புடன் வந்தார். முதல் நாள் எனக்கே மனசு இளகியது. இரண்டாவது சனிக்கிழமைதான் அவர் பேச்சைக் கவனித்தேன். சாப்பிட்டாயா, என்ன படிக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. இப்போது இருக்கிற வீடு எங்கே, பக்கத்தில் கோயில் உண்டா, அம்மா காலையில் எந்த பஸ்சில் போகிறாள் என்று விசாரணை நடந்தது. கொன்றுவிடுவேன் என்று அவர் மிரட்டியதால்தான் அந்தப் பெண் முகவரி சொல்லாமல் வேறு ஊரில் குடியிருந்தாள். பையனுக்கு என்ன தெரியும்? பச்சைப் பெயிண்ட் அடித்த வீடு, எதிரில் மாவுமில் என்று பெருமையாகச் சொல்லிவிட்டான்.

சந்திப்பை அங்கேயே நிறுத்தி, கோர்ட்டுக்கு எழுதினேன். சந்திப்புகளை நிறுத்திவைத்தார்கள். ஆனாலும் அந்த வாரமே மூட்டை கட்டியவள் அந்தப் பெண்தான். மறுபடி வீடு தேடி, மறுபடி பையனைப் புதுப் பள்ளியில் சேர்த்தாள். மிரட்டியவர் தன் ஊரில், தன் வீட்டில், சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தார். அன்று அலுவலகத்தை விட்டுப் போகும்போது அவர் என்னிடம் சொன்னார்: "பெத்த புள்ளகிட்ட என்ன பேசணும்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க மேடம், படிச்சுட்டுப் போயர்றேன்."

சரிபாதி

தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு குடும்பம். சின்னப்பொண்ணு அடி தாங்காமல் வெளியே வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பையன் அப்பாவுக்கு, பெண் அம்மாவுக்கு என்று பிரித்துவிட்டார்கள். ஏன் இப்படி என்று நான் போய்க் கேட்டதற்கு, இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லையே என்று அவர்களுக்கே ஆச்சரியம். அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அவள் பிசைந்து கொடுத்தால்தான் அவன் சாப்பிடுவான். இதை யாரும் கேட்கவும் இல்லை, பிள்ளைகளாகச் சொல்ல யாரும் விடவும் இல்லை.

அந்தச் சிறுமி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். மத்தியானம் மணி அடித்ததும் தன் பள்ளியிலிருந்து மரவள்ளிக்காட்டு வழியாக ஓடி, தம்பி படிக்கும் பள்ளிக்குப் போய், அவனுக்குச் சத்துணவைப் பிசைந்து கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவருவாள். இரண்டு பள்ளி டீச்சர்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள், புண்ணியவதிகள். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது அப்பா தரப்பு என்ன சொன்னது தெரியுமா? மகள் தினமும் எங்கள் பக்கம் ஓடிவருகிறாள், அவளுக்கு அப்பாவிடம்தான் பாசம், அவளையும் எங்களுக்கே கொடுங்கள் என்று. நல்லவேளையாக நீதிபதி பிள்ளைகளையே கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு பேரும் அம்மாவிடம் வந்தார்கள். ஆனால் அப்பா தரப்பு அப்படிப் பேசியபோது, பின்பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "தம்பிக்குச் சோறு போடப் போன புள்ளையையும் சாட்சிக்கு இழுத்துட்டாங்களேங்க."

முடிந்த கேஸ்

இது எங்கள் ஆட்களைப் பற்றியது. பிள்ளைக்கு அப்பா வேண்டாமா என்று ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பிய ஓர் அதிகாரி எனக்கு மேலே இருந்தார். பைல் நாடு என்ற பகுதியிலிருந்து வந்த பெண் ஒருத்தியை அப்படித்தான் கைக்குழந்தையுடன் புருஷன் வீட்டுக்கு அனுப்பினார். வேண்டாம் என்று நான் சொன்னேன். பிரிப்பது சுலபம், சேர்த்துவைப்பதுதான் புண்ணியம் என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இடத்தில் அளவு சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். இதில் திரும்பி வருவது ஆள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் திரும்பி வந்தாள். மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. நல்ல கையில் குழந்தை. அந்த முறை நான் யாரையும் கேட்காமல், நேராக அவளைக் கீழே கூட்டிப்போய்க் காப்பகத்தில் சேர்த்து, அன்றே கோர்ட்டில் பாதுகாப்பு கேட்டு மனுவும் போட வைத்தேன். கிளம்பும்போது வாசலில் எதிர்ப்பட்ட அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது நாம முடிச்ச கேஸ் ஆச்சேம்மா, மறுபடி எதுக்கு வந்துருக்கு?"

விசில்

கோபமாகவே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? ஒரு நல்ல மனிதரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வழக்குள்ள ஒரு பெண் இரண்டு வயது மகளுடன் கீழே கோர்ட்டுக்குப் போக பஸ் ஏறினாள். வழியில் புருஷன் ஏறி, குழந்தையை அவள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் பார்த்தான். பஸ் நிறைய ஆட்கள். குடும்ப விஷயம் என்று எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்டக்டர் மட்டும் படியை மறித்து நின்று, நிறுத்தாமல் அடிவாரத்துக்கு விடும்படி டிரைவரிடம் சொன்னார். வண்டி நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது.

அங்கே இருந்த போலீஸ்காரர், அப்பன் தன் பிள்ளையைத் தூக்குவது குற்றமா என்று கண்டக்டரிடமே கேட்டிருக்கிறார். அவர் அசையவில்லை. குழந்தையை அம்மா கையில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வண்டியை எடுக்கவிட்டார். பிறகு கோர்ட்டுக்கும் லீவு போட்டு சாட்சி சொல்ல வந்தார். அடுத்தவன் குடும்பத்தில் உனக்கு என்ன வேலை என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். கண்டக்டர் நிதானமாகப் பதில் சொன்னார்: "குடும்பமா என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. அழுவற புள்ளையப் புடுங்கிட்டு எறங்கறவங்களுக்கு நான் விசில் குடுக்கறதில்லீங்க."

இத்தனை காலம் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: "குழந்தையோட நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று பெரியவர்கள் யாராவது ஆரம்பித்தால், முதல் வேலையாகக் குழந்தையை என் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொள்ள வேண்டும்.